அழவிடாத வீடு

செம்பூரில் நான் வாட்ச்மேன் வேலை பார்க்கிற கட்டடத்துக்குள், ஆதார் ஜெராக்ஸ் கொடுக்காமல் ஒரு வேலைக்காரி நுழைந்தது கிடையாது. பத்தொன்பது வருஷமாக அந்த கேட்டில் நிற்கிறேன். பிள்ளை பார்க்க வருகிற ஆயாக்களின் பையை வரும்போதும் திறந்து பார்ப்பேன், போகும்போதும் திறந்து பார்ப்பேன். கேபிள்காரனோ, பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருகிறவரோ, யாராக இருந்தாலும் ரிஜிஸ்டரில் பெயர் எழுத வேண்டும். எனக்கு வாசிக்க அவ்வளவாக வராது. ஆனால் எழுதுகிறவன் கை எப்படிப் போகிறது என்று பார்க்கத் தெரியும். ரொம்ப நல்லவன் மாதிரிப் பேசினால் அவனை ரெண்டு தடவை நிறுத்துவேன். மூன்றாம் மாடி வேங்கடசுப்ரமணியன் சார், "பூலோகம், நீ உன் நிழலைக்கூட என்ட்ரி போடாம உள்ளே விடமாட்டே" என்று சிரிப்பார்.

அப்படிப்பட்ட நான்தான் என் பேத்தியை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வேறு யாரும் இல்லை. நான்தான்.

என் மகன் இசக்கிதுரை தாராவியில் ஒரு பெல்ட் பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தான். பட்டறைக்காரன் மிஷினைத் தூக்கிக்கொண்டு பிவண்டிப் பக்கம் போய்விட்டான். இவன் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தான். மழையில் சயான் பாலத்துக்கிட்டே வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கி ரெண்டு மாசம் படுத்துவிட்டான். எழுந்த பிறகும் முன் மாதிரி ஓட்ட முடியவில்லை. மருமகள் மாரிசெல்வி கல்யாணத்துக்கு முன்னால் வாஷியில் ஒரு துணிக்கடையில் பில் போட்டவள். அதே கடையில் மறுபடியும் கூப்பிட்டார்கள். போகாமல் தீராது.

பேத்தி முத்துமாரிக்கு அப்போது ஒரு வயசும் எட்டு மாசமும். என் வீட்டுக்காரி செத்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்குக் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை டியூட்டி, வியாழக்கிழமை மட்டும் லீவு. பால்வாடியில் மூன்று வயசுக்குக் கீழே எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் மத்தியானம் மூடிவிடுவார்கள். யாராவது ஒரு பொம்பளை வீட்டில்தான் விட வேண்டும்.

முத்துமாரி அழுகைக்காரி. பசிக்கு ஒரு அழுகை, தூக்கத்துக்கு ஒரு அழுகை. நான் வீட்டுக்குள் வந்ததும் சட்டைப் பையில் கையை விட்டு என் விசிலை எடுப்பாள். ஊதத் தெரியாது, எச்சில்தான் போகும். விசிலைத் திருப்பி வாங்கினால் அதற்கு ஒரு அழுகை. அவள் அழுதால் தாராவியில் எங்கள் சந்தின் கடைசிக் கோலி வரைக்கும் கேட்கும்; ஒற்றை அறை வீட்டைத்தான் இங்கே கோலி என்போம். "தாத்தா வந்தாச்சு போல" என்று அங்கே இருந்து ஆள் சொல்லும். எனக்கு அவள் அழுவது ஆகாது. நெஞ்சுக்குள் எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். அவளை ஒரு நிமிஷம் அழவிட்டாலும் மாரிசெல்வியிடம் கத்துவேன்.

நான் தேட ஆரம்பிக்கிறதற்கு முன்னாலேயே மாரிசெல்வி ஒரு இடம் பார்த்து வைத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு உள்ளே, கீழ்த்தளத்துக் கோலி. ஏஞ்சலம்மாள் என்று பெயர், தூத்துக்குடிப் பக்கம். கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி, அப்படியே தாண்டி வாங்க. பலகைய எடுத்தா இந்தச் சின்னவன் ரோட்டுக்கு ஓடிருவான்."

தாண்டிப் போனேன். உள்ளே ஆறு பிள்ளைகள். ரெண்டு அழுதுகொண்டிருந்தன. தண்ணி டிரம்முக்கு மூடி போட்டுக் கயிறு கட்டியிருந்தாள். மாலா என்கிற மேல் அறைக்குப் போகிற இரும்பு ஏணியில் பிள்ளைகள் ஏறாதபடி ஒரு பிளைவுட் அட்டையைக் கட்டியிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கிறதுதானே என் தொழில்.

"கதவு எப்பவும் இப்படித்தான் கெடக்குமோ?" என்று கேட்டேன்.

"ஆமா. பெத்தவங்க எப்ப வேணும்னாலும் வரலாம். போன் பண்ணிட்டு வரணும்னு இல்ல. நேரா வந்து எட்டிப் பாத்துக்கிடலாம்."

"பெத்தவன் வாற வழியில கள்ளனும் வருவாம்லா?"

"இங்க எதத் தூக்கிட்டுப் போவான் அண்ணாச்சி? மூத்திரத் துணியவா?"

மாரிசெல்வி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அந்த ரெண்டும் எதுக்கு அழுது?"

"அவனுக்குப் பல்லு மொளைக்கி. இவ இன்னைக்குத்தான் மொதல் நாள், அம்மாவத் தேடுதா. ரெண்டு நாள் அழுவா, பொறவு என் சேலையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டா. அழட்டும், அழுதாத்தான பிள்ள."

"இதுவரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் ஆனதில்லையே?"

அவள் கையைச் சேலையில் துடைத்தாள்.  "ஆயிருக்கு அண்ணாச்சி. போன வருசம் ஒரு பையன் சூடு குக்கரத் தொட்டுட்டான். உள்ளங்கை வெந்து போச்சு. நாந்தான் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதுக்குப் பொறவுதான் அடுப்ப இந்த ஒசரத்துக்கு வச்சேன். அவன் இன்னும் இங்கதான் வாறான், அந்தா நிக்கான் பாருங்க. அவங்க அம்மா நம்பர் தாரேன், கேட்டுக்கிடுங்க."

அந்தப் பையன் கையை விரித்துக் காட்டினான். தழும்பு இருந்தது. அவன் அதைப் பெருமையாகக் காட்டினான்.

"சரி, உங்க வேதத்துல கைய வச்சுச் சத்தியம் பண்ணு. எம்பேத்திக்கு ஒண்ணும் ஆவாதுன்னு."

"அது மட்டும் மாட்டேன் அண்ணாச்சி. எங்க சபையில சத்தியம் பண்ணக் கூடாது. நல்லா பாத்துக்கிடுதேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

வெளியே வந்ததும் நான் மாரிசெல்வியிடம் சொன்னேன். "இங்கயா விடப் போற? கதவத் தொறந்து போட்டிருக்கா. பிள்ளைகள அழவிட்டுட்டு நிக்கா. ஒருத்தன் கைய வேற வேக வச்சிருக்கா. சத்தியம் பண்ணுன்னா பின்னால போறா."

"அவ சொன்னதுனாலதான மாமா நமக்குக் கை வெந்தது தெரியும்?"

"சொல்லாதது எவ்வளவு இருக்கோ, எவன் கண்டான்?"

அவள் முன்னால் நடந்தாள்.  இசக்கிதுரையிடம் அவள் சொல்லியிருக்க வேண்டும். அவன், "யப்பா, அவளுக்குப் புடிச்சிருக்குல்லா, விட்டுரலாமே" என்றான். நீ வேலையைப் பாரு என்றேன்.

அடுத்த வாரமே நான் ஒருத்தியைக் கண்டுபிடித்தேன். எங்கள் சந்துக்கு நாலு சந்து தள்ளி, மாடியில். பெயர் ஆறுமுகத்தாய். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது ஒருத்தர் சொன்னார், நம்ம பக்கத்துப் பொம்பளை, பிள்ளை பார்க்கிறாள் என்று. போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே இருந்து, "யாரது?" என்று குரல் வந்தது. பெயரைச் சொன்ன பிறகும், "எந்த பூலோகம்?" என்று கேட்டுவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து ஆளைப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. இப்படி ஒரு கேட் என் கட்டடத்தில்கூடக் கிடையாது.

"எந்த ஊரு?" என்றேன்.

"நெடுங்குளத்துக்குத் தெக்க."

"எந்த சாஸ்தா கும்பிடுதீய?"

அவள் சொன்னாள். எங்கள் சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் பொங்கலிடுகிற அதே கோயில், அதே குளத்தங்கரை. எங்கள் பக்கத்தில் பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் முதல் கேள்வி சாஸ்தா யார் என்பதுதான். ஒரே சாஸ்தா என்றால் அண்ணன் தங்கச்சி முறை, கல்யாணம் கிடையாது. பார்த்தே இராத ஆளாக இருந்தாலும் கூடப் பிறந்த மாதிரித்தான்.

"அப்பம் நீ எனக்குத் தங்கச்சில்லா!" என்றேன்.

"ஆமாண்ணே! உள்ள வாங்கண்ணே!" என்றாள். பத்தொன்பது வருஷமாக யாருக்கும் என் மனசுக்குள் என்ட்ரி கொடுக்காதவன், அந்த இடத்தில் கேட்டைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் மாரிசெல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். பகல் பதினோரு மணி. வீடு கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது. தரையில் விரித்த பெட்ஷீட்டில் மூன்று பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று ஆறுமுகத்தாயின் சொந்த மகள் வயிற்றுப் பேத்தி. ஒரு சத்தம் இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.

மாரிசெல்வி குனிந்து பார்த்தாள். "என்னக்கா, இந்நேரத்துக்கு எல்லாம் தூங்குது?"

"எங்கை ராசி தாயி. குளிப்பாட்டி, சோத்த ஊட்டி, ரெண்டு தட்டு தட்டினா தூங்கிரும். எங்கிட்ட அழுற பேச்சே கெடையாது."

"கேட்டியா?" என்று நான் மருமகளைப் பார்த்தேன்.

அவள் நாங்கள் ஏறி வந்த மாடி ஏணியைப் பற்றிக் கேட்டாள், பிள்ளைகள் விழுந்துவிடாதா என்று. கதவு எப்பவும் பூட்டித்தான் இருக்கும் என்றாள் ஆறுமுகத்தாய். பிள்ளைகளுக்கு எதுவும் ஆகியிருக்கிறதா என்று மாரிசெல்வி கேட்டாள். "சாஸ்தா புண்ணியத்துல ஒரு கீறல் கெடையாது" என்றாள். மாரிசெல்வி இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் மறித்து, "தங்கச்சி, ஒண்ணும் நெனச்சுக்கிடாத. பொம்பளப் பிள்ள. ஒரு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்னா எனக்கு நிம்மதி" என்றேன்.

"அதுக்கென்னண்ணே" என்று உடனே எழுந்தாள். ஷெல்ஃபில் சாஸ்தா படம் இருந்தது. கோயில் திருநீறு ஒரு டப்பாவில் இருந்தது. சூடம் ஏற்றினாள். அந்த ஷெல்ஃபில் படத்துக்குப் பக்கத்தில் வேறு என்னென்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆயாவின் பையிலும் சீப்பு முதற்கொண்டு எடுத்துப் பார்க்கிற நான், அங்கே படத்தை மட்டும்தான் பார்த்தேன்.

நான் சொல்லச் சொல்ல அவள் சூடத்துக்கு மேலே கையை வைத்துச் சொன்னாள். சத்தியத்தின் வார்த்தை ஒவ்வொன்றும் என்னுடையது.

"பிள்ளைய அடிக்க மாட்டேன்."

"அடிக்க மாட்டேன்."

"கதவத் தொறந்து போட மாட்டேன்."

"தொறந்து போட மாட்டேன்."

"பிள்ளைய அழவிட மாட்டேன்."

"ஒரு நாளும் அழவிட மாட்டேண்ணே. சாஸ்தா மேல ஆணை."

சூடத்தைக் கையால் அடித்து அணைத்தாள். திருநீறு எடுத்து முத்துமாரி நெற்றியில் பூசினாள். பிள்ளை புது ஆளைப் பார்த்து வீல் என்று அழுதாள். "இன்னைக்கு அழுதுக்கோ, நாளைக்கு அழமாட்ட" என்று ஆறுமுகத்தாய் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாரிசெல்வி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு, சயானில் ஏறி, குர்லாவில் மாறி, வாஷிக்குப் போவாள். சாயங்காலம் ஏழு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாள். முதல் ரெண்டு நாள் பிள்ளை அந்த மாடி ஏணியைப் பார்த்தாலே அழுதாள். மூன்றாம் நாளிலிருந்து அழவில்லை. நான் எட்டரைக்கு வீட்டுக்கு வந்தால் தூங்கிக்கொண்டிருப்பாள். விசிலைத் தேடி ஆள் வராது. எனக்கு அது குறையாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வீடு அமைதியாக இருந்தது. சுகமாகத் தூங்கினேன். "பாத்தியா, கை ராசிக்காரி" என்று இசக்கிதுரையிடம் சொன்னேன். சந்தில்கூடக் கேட்டார்கள், "என்ன அண்ணாச்சி, பேத்திய ஊருக்கு அனுப்பிட்டியளா, சத்தத்தையே காணும்?" என்று. அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் மாரிசெல்வி சொன்னாள், "மாமா, பிள்ள வாயில ஒரு வாசன வருது. இனிப்பா, மருந்து மாதிரி."

"மிட்டாய் குடுத்திருப்பா."

"பாலும் குடிக்க மாட்டேங்கா. வெளிக்கும் ஒழுங்காப் போகல. நான் நாளைக்கு லீவு போட்டுட்டு மத்தியானம் போய் எட்டிப் பாத்துட்டு வாறேன். இல்லேன்னா ஒரு வீடியோ கால் போடச் சொல்லுதேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சத்தியம் வாங்கின வீட்டுல போய் எட்டிப் பாக்கதா? அவ சாமி மேல கைய வச்சுச் சொல்லியிருக்கா. இப்பம் போய் நீ வேவு பாத்தா, அவளச் சந்தேகப்படுதது இல்ல, சாஸ்தாவச் சந்தேகப்படுதது. நம்ம வமிசத்துல அப்படி எவளும் செஞ்சது கெடையாது."

"மாமா, நீங்க அந்த பில்டிங்ல ஆயாவ எல்லாம் நிறுத்திச் செக் பண்ணுதீகல்ல?"

"அவளுக எந்த சாஸ்தா கும்பிடுதாளுகன்னு எனக்குத் தெரியுமா? இவ எந்தங்கச்சி!"

இசக்கிதுரை நடுவில் எதையோ சொல்ல வந்தான். "நீ சும்மா இருலே" என்றேன். அவன் சும்மா இருந்தான். அவளும் போகவில்லை. என் வீட்டில் நான் சொன்னால் போக மாட்டார்கள். அப்படித்தான் நான் அவர்களைப் பழக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு ரெண்டு வாரம். வியாழக்கிழமை, எனக்கு லீவு. பிள்ளைக்கு முந்தின நாளிலிருந்து சளி. மாரிசெல்வி யோசித்தாள், விடவா வேண்டாமா என்று. நான் வீட்டில் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு சாவு வீட்டுக்கு சுனாபட்டி வரைக்கும் போக வேண்டியிருந்தது. "தங்கச்சி வீட்டுல விடு, அவ பாத்துக்கிடுவா" என்றேன்.

ஏழு மணிக்கு மாரிசெல்வி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அப்போது வீட்டுக்கு வந்துவிட்டிருந்தேன். பிள்ளையின் கை அவள் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"கூப்பிட்டுக்கிட்டே வாறேன் மாமா, கண்ணே தொறக்க மாட்டேங்கா."

"சளியில அசந்து தூங்கும். தூங்குத பிள்ளைய எழுப்பாத. படுக்கப் போடு."

அவள் படுக்கப் போட்டாள். ரெண்டு தடவை எழுந்து வந்து பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு தடவையும் நான், "போய் சோத்தப் பாரு" என்றேன். முக்கால் மணி நேரம் அந்தப் பிள்ளை எனக்கு எட்டின தூரத்தில் படுத்துக் கிடந்தாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தேன், அவள் தூக்கம் கெட்டுவிடக் கூடாதே என்று.

இசக்கிதுரை வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பிள்ளை கன்னத்தைத் தொட்டான். "யப்பா, சில்லுன்னு இருக்கு" என்றான். பிறகு விளக்கைப் போட்டான். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். பிள்ளையை வாங்கி மேஜையில் போட்டு, மூக்கில் வாயில் குழாய் வைத்தார்கள். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பிள்ளையின் உள்ளங்காலைப் பிடித்து விரலால் சுண்டினாள். மறுபடியும் சுண்டினாள். எதற்கு இப்படிச் செய்கிறாய் என்று மாரிசெல்வி இந்தியில் கேட்டாள். "அழ வேண்டும். வலித்தால் அழ வேண்டும். அழ மாட்டேன் என்கிறாளே" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "என்ன கொடுத்தீர்கள்?" என்றாள்.

ஒன்றும் கொடுக்கவில்லை என்றோம்.

"பகலில் யாரிடம் இருந்தாள்?"

மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். நான் ஓடினேன்.

அந்த ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவு பூட்டியிருந்தது. தட்டினேன். "யாரது?" என்றாள். சொன்னேன். ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தாள்.

"பிள்ளைக்கு என்ன குடுத்த?"

அவள் ஒளிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஷெல்ஃபில் இருந்து, சாஸ்தா படத்துக்குப் பக்கத்தில் இருந்து, பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தாள். இருமல் மருந்து. பெரியவர்கள் குடிக்கிறது.

"எப்பவும் ஒரு மூடிதாண்ணே குடுப்பேன். இன்னைக்குச் சளி, மூக்கடச்சு நைநைன்னு இருந்தா. மத்தியானம் இன்னொரு மூடி குடுத்தேன். பொறவும் சிணுங்குனா, இன்னும் கொஞ்சம் குடுத்தேன். எம்பேத்திக்கும் இதத்தான் குடுக்கேன். ஏண்ணே? என்னாச்சு?"

"மருந்தக் குடுத்தா தூங்க வச்ச?" என்று கத்தினேன். கையை ஓங்கிவிட்டேன்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "யண்ணே, நான் பிள்ளைய அடிச்சனா? கதவத் தொறந்து போட்டனா? நீங்கதான அழவிடக் கூடாதுன்னு கற்பூரத்துல அடிச்சுக் கேட்டீய. சாஸ்தா மேல சொல்லிட்டு எப்படிண்ணே அழவிடுவேன்? வேற எப்படிண்ணே அழாம வைக்கது? நாலு பிள்ள! பிள்ளன்னா அழத்தானண்ணே செய்யும்!"

கை அந்தரத்தில் நின்றது. அவளுக்குப் பின்னால் பெட்ஷீட்டில் அவள் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சத்தத்துக்கும் எழவில்லை.

பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பி வாசித்துவிட்டு, அந்த மருந்தை முறிக்கிற மாற்று ஊசி போட்டாள். மூச்சுத் திரும்பி வந்தது. ஆனால் ரொம்ப நேரம் மூளைக்குக் காற்று சரியாகப் போகவில்லை என்று சொன்னார்கள். எவ்வளவு நேரம் என்று இசக்கிதுரை கேட்டான். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றாள் டாக்டரம்மா. மாரிசெல்வி இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான் எட்டிப் பாத்திருப்பேன் மாமா."

அதற்கு அப்புறம் அதைப் பற்றி அவள் பேசினதே இல்லை. திட்டினால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். திட்டவில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்கே போலீஸ் வந்தது. ஒரு ஹவல்தார் எழுதிக்கொண்டார். அந்தப் பொம்பளையின் முழுப் பெயர் என்ன? ஆறுமுகத்தாய். அதற்கு மேலே தெரியாது. புருஷன் பெயர்? தெரியாது. இதற்கு முன்னால் எங்கே இருந்தாள்? தெரியாது. போன் நம்பர் மருமகளிடம் இருந்தது. ஆதார் காப்பி வாங்கினாயா? இல்லை. பின்னே என்னதான் கேட்டாய்? எந்த சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை, மறுபடியும் சொன்னேன்.

"நீ என்ன வேலை பார்க்கிறாய்?"

"வாட்ச்மேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஆறுமுகத்தாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள், விட்டும்விட்டார்கள். கேஸ் நடக்கிறது. இப்போது முலுண்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாளாம். அங்கேயும் ரெண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் வீட்டில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் ஒரு பிள்ளையின் அப்பன் வழியில் பார்த்து, "உங்களாலதான் அண்ணாச்சி அந்தக்கா போயிட்டா, இப்ப எம்பிள்ள தூங்கவே மாட்டேங்கு" என்று என்னிடமே குறைப்பட்டான். அவனிடம் என்ன சொல்ல? அவனும் எங்கள் சாஸ்தாதான்.

முத்துமாரியை முப்பத்தெட்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மாரிசெல்வி வேலையை விட்டுவிட்டாள். பிள்ளைக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. கண்ணைத் திறந்திருப்பாள், ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கழுத்து நிற்காது. விசிலை அவள் கைக்குள் வைத்து விரலை மூடிவிட்டுப் பார்த்தேன். விரல் தானாகத் திறந்து விசில் பாயில் விழுந்தது. மறுபடியும் நான் வைக்கவில்லை.

டியூட்டிக்கு இன்னும் போகிறேன். கேட்டில் யார் வந்தாலும் பையைத் திறக்கச் சொல்கிறேன், ரிஜிஸ்டரில் எழுதச் சொல்கிறேன். வேங்கடசுப்ரமணியன் சார் இப்போது என்னிடம் சிரிப்பதில்லை. அவர் பேரனைப் பார்க்க ஒரு புது ஆயா வந்தாள். பையைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தும் எனக்கு மனசில் ஏறவில்லை. போ என்றேன்.

திரும்பி வரும்போது ஏஞ்சலம்மாள் வீட்டு வழியாக வருவேன். அது சுற்று வழி, வர வேண்டிய தேவை இல்லை. எட்டு மணிக்கு மேலேயும் அங்கே ஒன்றிரண்டு பிள்ளைகள் இருக்கும், அம்மாக்கள் வரத் தாமதமான பிள்ளைகள். கதவு திறந்துதான் கிடக்கும். பலகைக்கு இந்தப் பக்கம் நிற்பேன். உள்ளே ஏதாவது ஒன்று கட்டாயம் அழுதுகொண்டிருக்கும். ஏஞ்சலம்மாள் ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"அங்கனயே ஏன் நிக்கீய அண்ணாச்சி, உள்ள வாங்க."

"இல்ல, சும்மா."

"பிள்ள எப்படி இருக்கா?"

  அவள் இடுப்பில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்து இன்னும் உரக்க அழுதது. அவள் அதை அதட்டவும் இல்லை, அடக்கவும் இல்லை. அழவிட்டுக்கொண்டு நின்றாள். அது மூச்சுப் பிடித்து, முகம் சிவந்து, அடி வயிற்றிலிருந்து அழுதது. நான் அதை முழுதும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து கைகாலைக் கழுவிவிட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்காருவேன். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உள்ளங்காலைச் சுண்டிப் பாருங்கள், ஒரு நாள் அழுதாலும் அழலாம் என்று. அழுதால் நல்ல அறிகுறியாம். இடது கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் சுண்டுவேன். முதலில் எனக்குச் சுண்ட வராது, மெதுவாகத் தட்டுவேன். மெதுவாகத் தட்டினால் பிரயோஜனம் இல்லை, வலிக்க வேண்டும் என்று இசக்கிதுரை சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய்விடுவான்.

நேற்றும் சுண்டினேன். கால் கொஞ்சம் உள்ளே இழுத்தது. கண் ஃபேனிலேயே இருந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எச்சில் மட்டும் வழிந்தது. துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுப்பண்டையிலிருந்து மாரிசெல்வி திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் பலமாச் சுண்டுங்க மாமா."

சுண்டினேன்.